வெள்ளிக்கிழமை மட்டும் வேலை செய்த சூனியம்

வலது கையை நெற்றியில் வைத்து, "ஐயோ!" என்று ஒரு சத்தம் போட்டு, மேடையின் இடது ஓரத்தில் பொத்தென்று விழுந்தேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். மராத்திச் சீமைப் போபோடியில் எங்கள் தமிழ்ச் சபை மண்டபத்துக்குத் தகரக் கூரை. பகலெல்லாம் வாங்கிய வெயிலை அது எங்கள் தலையில்தான் இறக்கிக்கொண்டிருந்தது. பலகையில் முகம் பட்டதும் வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியது, கன்னத்தில் யாரோ தின்றுபோட்ட வேர்க்கடலைத் தோல் ஒட்டிக்கொண்டது.

நாடகப்படி நான் விழ வேண்டியவள்தான். ஆனால் அதற்கு இன்னும் ஒன்றரைப் பக்க வசனம் பாக்கி இருந்தது.

எனக்கு வசனம் மறந்துவிட்டது. அவ்வளவுதான் சங்கதி. மறந்தவளை டைரக்டர் தங்கராஜ் மாமா என்ன செய்வார் என்று முந்தைய வாரம்தான் பார்த்திருந்தேன். என் தோழி ரோஸியை எல்லாருக்கும் நடுவில் நிற்க வைத்து, ஒரே வரியை இருபது தடவை சொல்ல வைத்தார். அந்த மானக்கேட்டுக்கு விழுந்துவிடுவதே மேல் என்று தோன்றியது. பத்தொன்பது வயதில் எனக்கு மூளை அப்படித்தான் வேலை செய்தது.

யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். யாரோ விசிறினார்கள். கண்ணைத் திறந்தால் மாமாவின் மீசை.

"என்னட்டி எஸ்தரு, என்ன ஆச்சு?"

ஏதாவது சொல்ல வேண்டுமே! வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மெர்சி அக்கா என்னையப் பாத்தாவ மாமா. அப்படியே கண்ணு இருட்டிட்டு வந்துட்டு."

இதில் பாதி உண்மை. மெர்சி அக்கா என்னைப் பார்த்தார்தான். எனக்கு வசனம் மறந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, எதிரே நின்று உதட்டை அசைத்து அடுத்த வரியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான்தான் அதைப் பிடித்துக்கொள்ளாமல் விழுந்து தொலைத்தேன்.

அந்த நாடகத்தில் மெர்சி அக்காவுக்கு என்ன வேஷம் என்று இன்னும் நான் சொல்லவில்லை. சூனியக்காரி.

மாமா எழுதிய நாடகம்

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் சபையில் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கண்டோன்மென்ட்டிலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்த குடும்பங்கள். வெளியே இந்தி, மராத்தி. வீட்டுக்குள் நெல்லைத் தமிழ். என்னைப் போன்றவர்களுக்குப் பேச வரும், படிக்க வராது. அதனால் தங்கராஜ் மாமா எங்கள் வசனங்களை இந்தி எழுத்தில் எழுதிக் கொடுப்பார். 'ழ'கரம் வரும் இடத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருப்பார், அங்கே நாங்கள் நிச்சயம் சறுக்குவோம் என்று அவருக்குத் தெரியும்.

மாமா தொழிற்சாலையில் கிளார்க். சபைப் பள்ளிக்கூடத்துக் கமிட்டியின் செயலாளர். ஈஸ்டர் முடிந்த மறு சனிக்கிழமை வருடா வருடம் நாடகம் போடுவார். பத்து வருடமாகப் பைபிளில் வரும் கெட்ட குமாரனையும் நல்ல சமாரியனையும் போட்டுச் சலித்துப்போய், அந்த வருடம் சொந்தமாக ஒன்று எழுதினார்.

கதை ஏதோ குளிர்த் தேசத்துக் கிராமம். ஐந்து பெண்கள் திடீர் திடீரென்று அலறி விழுகிறார்கள். மூலிகை வைத்தியம் பார்க்கும் மார்த்தாள்தான் சூனியம் வைத்தாள் என்று ஊர் சொல்கிறது. விசாரணை நடக்கிறது. ஒரு பாவமும் அறியாத மார்த்தாளைத் தூக்குமேடைக்கு அனுப்புகிறார்கள். பயம் பிடித்த ஊர் எப்படிப் புத்தி கெட்டுப் போகும் என்பதுதான் மாமா சொல்ல வந்தது. ஒத்திகை தொடங்கும்போதெல்லாம் அதை எங்களுக்கு ஒரு பிரசங்கமாகவே செய்வார். நீதிபதிக்குக் கோணிச் சணலில் பொய்த் தலைமயிர், எங்களுக்குப் பாடகர் குழுவின் கறுப்பு அங்கி.

மகர்பட்டாவில் இருக்கும் என் மகனிடம் இதைப் போனில் சொன்னபோது, "அம்மா, நீங்க எல்லாம் ரொம்ப அட்வான்ஸ்டா இருந்தீங்க போல" என்றான். முழுவதும் கேளுடா, பிறகு சொல் என்றேன்.

மெர்சி அக்காவுக்கு அப்போது இருபத்தேழு வயது. சபைப் பள்ளிக்கூடத்தில் பிரசவ விடுப்பில் போன டீச்சரின் இடத்தில் தற்காலிக வேலை. அந்த டீச்சர் திரும்பி வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஈஸ்டருக்குப் பிறகு கமிட்டி கூடி அக்காவை நிரந்தரம் செய்வதாக இருந்தது. அப்பா படுத்த படுக்கை, தம்பி படிக்கிறான். அந்த வேலைதான் அந்த வீட்டுக்கு அடுப்பு. மார்த்தாள் வேஷத்துக்கு அக்காவை ஏன் போட்டார்கள் என்று கேட்காதீர்கள். சபையில் தமிழை எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்த பெண் அவர் ஒருவர்தான், மார்த்தாளுக்கோ பக்கம் பக்கமாக வசனம்.

இரண்டாம் வெள்ளி, மூன்றாம் வெள்ளி

ஒத்திகை புதனும் வெள்ளியும். அடுத்த வெள்ளிக்கிழமை ரோஸி விழுந்தாள், நடிக்கவில்லை. வெளுத்த முகமும் வியர்த்த நெற்றியுமாகச் சரிந்தாள். அவளைத் தூக்கப் போன இன்னொருத்தியும் அவள் மேலேயே சாய்ந்தாள்.

எல்லாக் கண்ணும் மெல்ல மெர்சி அக்கா பக்கம் திரும்பியது. அக்கா கையில் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்துகொண்டிருந்தார். ரோஸியின் அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"நீ அங்கனயே நில்லும்மா. நாங்க பாத்துக்கிடுதோம்."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் உங்களுக்கு விளங்காது. லெந்து வெள்ளிகளில் எங்கள் சபையில் உபவாசம். விடிந்ததிலிருந்து மாலை ஏழு மணி ஜெபம் முடியும்வரை வாயில் ஒன்றும் படக்கூடாது. ரோஸி போல் பாதிப் பேர் மத்தியானம் கமுக்கமாக ஒரு டம்ளர் டீ குடித்துவிடுவோம், அது வேறு விஷயம். ஒத்திகையோ ஐந்து மணிக்கு, அந்தத் தகரக் கூரைக்கு அடியில், அலறி அலறி விழும் காட்சி. பசித்த வயிற்றோடு மணிக்கணக்கில் அலறினால் யாருக்குத்தான் தலை சுற்றாது?

இது இப்போது உங்களுக்கு உடனே புரிகிறது. எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. உபவாசம் பிசாசை விரட்டும் என்பது எங்களுக்குப் பால்மணம் மாறாத வயதிலிருந்து தெரியும். விரட்டுகிற மருந்தே விழத்தட்டும் என்று யார் நினைப்பார்கள்?

ஆகவே பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். உபவாசத்தை இன்னும் கடுமையாக்க வேண்டும், டீ கூடக் கூடாது, பச்சைத் தண்ணீர் கூடக் கூடாது. தாய்மார்கள் வீட்டில் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் காவல் உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் வெள்ளி நாலு பேர் விழுந்தார்கள். அதில் ஒருவர் திரை இழுக்கும் ஆல்பர்ட் அண்ணன். ஆறடி ஆள். அவர் திரைக்கயிற்றோடு விழுந்ததில் திரையில் வரைந்திருந்த குளிர்த் தேசமே எங்கள் தலையில் சரிந்தது.

புதன்கிழமை சாட்சி

புதன்கிழமைகளில் ஒருத்தியும் விழவில்லை. அதை முதலில் கண்டுபிடித்தது தங்கராஜ் மாமாதான். படித்தவர் இல்லையா, காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார்.

"புதங்கிழம மெர்சிக்குப் பள்ளிக்கூடத்துல ஸ்பெஷல் கிளாஸு. ஒத்திகைக்கு வாரதில்ல. அவ வராத அன்னைக்கி ஒருத்தரும் விழல. வந்த அன்னைக்கி விழுதாவ. நான் ஒன்னும் சொல்லல. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

எல்லாரும் யோசித்துப் பார்த்தார்கள். யோசிக்க யோசிக்க நிறைய நினைவுக்கு வந்தது. மெர்சி டீச்சர் விசாரிக்க வந்துபோன வீட்டில் பால் திரிந்தது. அவர் பின்னால் உட்கார்ந்து வந்த பிறகு ஒருவருடைய ஸ்கூட்டர் இரண்டு நாள் ஸ்டார்ட் ஆகவில்லை. அவர் ஜெபம் செய்தபோது மைக் ஊளையிட்டது. டீச்சர் கண்ணே சிமிட்டுவதில்லை என்று ஒருத்தி சொன்னாள். நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், எல்லாரையும் போலத்தான் சிமிட்டினார். ஆனால் நான் எண்ணியதை யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்ட கேள்வி ஒன்று இருந்தது. எல்லாரும்தான் உபவாசம், எல்லாருக்கும் தலை சுற்றுகிறது, மெர்சி மட்டும் எப்படித் தெம்பாக நிற்கிறாள்?

ஒரு நாள் மண்டப வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கின. கிறிஸ்தவச் சபை மண்டபம்! போதகர் ஐயா பதறிப்போய் அறுத்துப் போட்டார். யார் கட்டியது என்று கேட்டுப் பார்த்தார். பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாளிடம் ரோஸியின் அம்மா குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன்.

எங்கள் வீட்டிலும் அதே பேச்சு. "ஏளா, அவ மூஞ்சிய நேரா பாக்காதே, என்ன?" என்று அம்மா தலை பின்னும்போதெல்லாம் சொன்னாள். நான் வெறுமனே மறந்துபோன ஒரு வசனத்துக்காக விழுந்தேன் என்று அப்போதே அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். நாள் ஆக ஆக அது சொல்ல முடியாததாகிவிட்டது.

வடா கடையில் இரண்டு பாவிகள்

நாலாம் வெள்ளி எனக்குப் பசி தாங்கவில்லை. டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வரும் வழியில், எங்கள் ஆட்கள் யாரும் வராத ஒரு சந்தில், வடா பாவ் போடும் தள்ளுவண்டி உண்டு. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு போய் நின்றேன். எண்ணெயில் பூண்டு வாசனை எழும்பியது. "தோன் த்யா" என்று இரண்டு விரலைக் காட்டினேன்.

வண்டிக்கு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஒரு பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளும் தலையை மூடியிருந்தாள். தண்ணீர் கேட்கத் திரும்பினாள்.

மெர்சி அக்கா!

இரண்டு பேர் வாயிலும் வடா. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. முதலில் சிரித்தது அக்காதான்.

"மாட்டிக்கிட்டோம், ரெண்டு பேரும்."

வயிற்றில் புண் என்றார். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சுருண்டு விழுந்துவிடுவார், டாக்டர் உபவாசமே கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் இங்கே வந்துவிடுவார்.

"போதகர் ஐயாட்டச் சொல்லிரலாம்லாக்கா?" என்றேன்.

"சொன்னா கமிட்டிக்குப் போவும்ட்டி. பிள்ளையளுக்கு வேதபாடம் எடுக்கவ உபவாசம் இருக்க மாட்டாளாம்னு வரும். வேலை நிரந்தரமாவட்டும், நானே சொல்லிருதேன். அதுவரைக்கும் நீ யார்ட்டயும் மூச்சு விடாதே. என்ன?"

"பைபிள் மேல சத்தியம்க்கா" என்றேன், வாய் நிறைய வடாவோடு.

தனக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்த மிளகாயையும் என் பாவில் சொருகிக் கொடுத்தார். நான் முதல் தடவை விழுந்த கதையை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சாப்பிடும்போது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

"நீ மட்டும் ஏன் விழல?"

அன்று மாலை மண்டபம் நிறைந்திருந்தது. ஒத்திகை பார்க்கச் சபையே திரண்டு வந்துவிட்டது. அலறல் காட்சி தொடங்கியதும் ரோஸி சாய்ந்தாள். அவள் பக்கத்தில் நின்றவள் சாய்ந்தாள். பின்னால் இரண்டு பேர் முனகிக்கொண்டே உட்கார்ந்தார்கள். ஐந்து பெண்களில் நான் ஒருத்தி மட்டும் கம்பு மாதிரி நின்றுகொண்டிருந்தேன். வயிற்றில் இரண்டு வடா இருந்தால் அப்படித்தான் நிற்க வரும்.

ரோஸியின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எஸ்தருக்கு மட்டும் ஏன் ஒன்னும் ஆவல?"

அந்தக் கேள்வி வரிசை வரிசையாகப் பின்னால் போனதை நான் பார்த்தேன். தலைகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தன. என் அம்மாவின் முகம் வெளிறியது. மெர்சிக்கும் எதுவும் ஆகவில்லை, எஸ்தருக்கும் எதுவும் ஆகவில்லை. அடுத்து என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நாடகத்தில் அந்தப் பெண்கள் ஏன் விழுந்தார்கள் என்று அந்த நிமிஷம் எனக்கு விளங்கியது.

விழுந்தேன். புது தாவணி என்பதால் தூசி இல்லாத இடமாகப் பார்த்து விழுந்தேன். "மெர்சி அக்கா... மெர்சி அக்கா..." என்று முனகவும் செய்தேன்.

பாதி மூடிய கண்ணால் பார்த்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாகக்கூட இல்லை, ஆச்சரியப்பட்ட முகம். பிறகு தன் கைப்பையை எடுத்துக்கொண்டு மண்டபத்தை விட்டுப் போய்விட்டார். அந்த இரவு நான் சோற்றைத் தொடவில்லை. ஆவி இன்னும் இறங்கவில்லை என்று அம்மா தலைமாட்டில் பைபிளை வைத்தாள்.

மூன்றாம் அங்கம்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் விசாரணை. விசாரணை என்று யாரும் சொல்லவில்லை, 'ஒரு சின்னப் பேச்சு' என்றார்கள். ஆனால் போதகர் ஐயாவும் கமிட்டிக்காரர்களும் உட்கார்ந்தது எங்கள் நாடகத்து நீதிமன்ற நாற்காலிகளில். மெர்சி அக்கா நின்றது மார்த்தாள் நிற்கும் இடத்தில். பின்னால் மாமா வரைந்த தூக்குமேடை, ஒரு பக்கம் பெயின்ட் இன்னும் காயவில்லை. இத்தனைக்கும் நாலு வாரமாக அந்த நாடகத்தை வரி வரியாக மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள்!

"டீச்சர் வேலைய வேற யாருக்காவது குடுத்துரலாம். பிள்ளையள நெனச்சா பயமா இருக்கு" என்று ஒருவர் தொடங்கினார்.

என்னால் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன்.

"ஐயா, நான் விழுந்தது பொய். மொதத் தடவ வசனம் மறந்துட்டு. முந்தாநாளு பயந்துட்டேன். ரெண்டும் நடிப்பு."

என் அம்மா, "ஏட்டி!" என்றாள். தங்கராஜ் மாமா துள்ளி எழுந்தார்.

"இவளா பேசல! அவதான் இவ வாயில இருந்து பேசுதா!"

"மாமா, அது நீங்க எழுதின வசனம். மூணாம் அங்கம். நீதிபதி சொல்லுவாரு."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள்.

"மெர்சி அக்கா இங்கதான நிக்காவ? இன்னைக்கி யாரு விழுந்தா சொல்லுங்க. எல்லாரும் காலையில சாப்பிட்டுட்டு வந்திருக்கோம். வெள்ளிக்கிழம வெறும் வயித்தோட அலறுதோம், அதான் விழுதோம்!"

அந்தச் சமயம் பார்த்து ரோஸி, பழக்கதோஷத்தில், கண்ணைச் செருகிக்கொண்டு மெல்ல ஆடத் தொடங்கினாள். அவள் அம்மாவே முதுகில் ஒன்று வைத்தார்.

"நேரா நில்லுட்டி! எட்டு இட்லி தின்னுட்டு வந்திருக்கா, விழுதாளாம் விழுதா!"

மண்டபமே வெடித்துச் சிரித்தது. போதகர் ஐயாவும் சிரித்தார். ஒரு மாதமாக அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. மெர்சி அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கோ தலை கால் புரியவில்லை. ஒற்றை ஆளாகப் பேயை விரட்டியவள் அல்லவா!

சிரிப்பு அடங்கியதும் கமிட்டியில் ஒருவர் கேட்டார். "சரி, பசிதான்னே வச்சுக்கிடுவோம். மெர்சிக்கு மட்டும் ஏன் தலை சுத்தல?"

"அவிய சாப்பிட்டுட்டுதான வாராவ! முந்தாநாளு நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் வடா தின்னோம்" என்றேன், பெருமையாக.

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

டாக்டர் சீட்டைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வியாதிதானே, தப்பில்லை என்றார்கள். ஆனால் மறைத்தது தப்பு என்றார்கள். உபவாச நாளில் தெருவில் நின்று தின்கிற டீச்சரைப் பிள்ளைகள் பார்த்தால் என்ன நினைக்கும் என்றார்கள். சூனியக்காரியாக இருந்தால்கூட ஜெபம் செய்து சரிப்படுத்தி வைத்துக்கொண்டிருப்பார்கள் போல. அந்த வாரமே கடிதம் வந்தது. தற்காலிகப் பணி இத்துடன் முடிகிறது, தங்கள் சேவைக்கு நன்றி. கீழே செயலாளர் தங்கராஜ் மாமாவின் கையெழுத்து.

மார்த்தாள் வந்தாள்

நாடகத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. மார்த்தாளின் வசனம் வேறு யாருக்கும் வராது. கூப்பிட்டு வர மாமாவுக்கு முகமில்லை. என்னை அனுப்பினார்.

அக்கா வீட்டில் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்று அழுதேன். அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"நீ விழுந்ததுக்குக்கூட எனக்குக் கோவம் வரலட்டி. பயந்துட்டியேன்னு விட்டுட்டேன். நான் ஒங்கிட்ட மட்டும் சொன்னத அத்தன பேருக்கு முன்னால ஏன்ட்டி சொன்ன?"

"உங்களக் காப்பாத்தத்தான்க்கா சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

அக்கா ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு, "சனிக்கிழம எத்தன மணிக்கு?" என்றார்.

பிறகு ஜூனில் தளேகாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. தினமும் விடிகாலை லோனாவளா லோக்கல் ரயிலில் போய், பொழுது சாய்ந்து வருவார். எங்கள் மண்டபத்துப் பக்கம் அவர் கடைசியாக வந்தது அந்தச் சனிக்கிழமைதான்.

நாடகத்தில் அன்று ஒருவரும் தவறி விழவில்லை, விழ வேண்டிய இடத்தில் மட்டும் விழுந்தோம். கடைசிக் காட்சி. நீதிபதி கேட்பார், "உங்களுக்குச் சூனியம் வைத்தது யார்?" நான் முன்னால் வந்து, மார்த்தாளை நோக்கிக் கையை நீட்டி, "அவள்தான்! அவள்தான்!" என்று அலற வேண்டும்.

நீதிபதி கேட்டார். நான் முன்னால் வந்தேன். அக்கா கறுப்பு அங்கியில் எதிரே நின்றார். எனக்குக் கை எழவில்லை. நீதிபதி இன்னொரு முறை கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து மாமா இந்தியில் திட்டுவது கேட்டது.

அக்கா தலையைக் குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"கையத் தூக்குட்டி. ஒன் வசனம்தான்."

தூக்கினேன். "அவள்தான்! அவள்தான்!" என்று அலறினேன். அழுகையும் சேர்ந்து வந்ததில் குரல் கிழிந்துபோனது. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி நடித்ததில்லை என்று சபையில் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மார்த்தாள் தூக்குமேடையில் ஏறினாள். மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "பாவம், ஒரு தப்பும் செய்யாத பொம்பள" என்றார்.